சாப்பாட்டு மேசைக்கு மேல் ஒரு விளக்கு

பக்கத்து மனையில் வீடு எழும்பும்வரை எங்கள் ஹாலுக்குப் பகலில் விளக்கு தேவைப்பட்டதில்லை. வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டியபோது சுற்றிலும் மனைக்கற்களும் முள்ளுச்செடியும்தான். கிழக்கே பெரிய ஜன்னல் வைத்தோம். காலை வெயில் அதன் வழியாகச் சாப்பாட்டு மேசைவரை வரும். என் கணவர் அங்கே உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். நான் அங்கேதான் காய் நறுக்குவேன். பிறகு அந்த மனையை ஒரு குடும்பம் வாங்கியது. நல்ல மனிதர்கள். கடைக்கால் பூஜைக்குக் கூப்பிட்டார்கள். போய்ச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டு வந்தோம். சுவர் எழும்ப எழும்ப எங்கள் ஜன்னலில் முதலில் தெரு மறைந்தது, அப்புறம் வானம். கடைசியில் பூசாத செங்கல் மட்டும் நின்றது. யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் மனையில் அவர்கள் கட்டினார்கள்.

ஹாலில் இருந்த ஒரே டியூப்லைட் வாசல் பக்கத்துச் சுவரில் இருந்தது. மேசை இருந்த உள்பக்கம் எப்போதும் சாயங்காலம் மாதிரியே இருக்கும். குழம்பில் கருவேப்பிலை எது, மிளகாய் எது என்று கரண்டியால் தள்ளிப் பார்த்துச் சாப்பிட்டோம். "ஒரு லைட்டு போட்டுடலாம்" என்று கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய் நானே வாங்கி வந்துவிட்டேன். மேலிருந்து தொங்கும் விளக்கு. வாணலியைக் கவிழ்த்தாற்போல் கறுப்பு மூடி, உள்பக்கம் பொன்னிறம். மேசைக்கு நேர் மேலே தொங்கவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அட்டைப்பெட்டியோடு பீரோ மேல் வைத்தோம். அது அங்கேயே வெகுநாள் இருந்தது.

காரணம், அந்த இடத்தில் மேலே ஒன்றும் இல்லை. வெறும் தளம். விளக்கு மாட்டக் கொக்கியும் இல்லை, கரண்டு வர வழியும் இல்லை.

நானும் கணவரும் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். அவர் நகல் எடுப்பார், ஆன்லைனில் சான்றிதழுக்குப் பதிந்து கொடுப்பார். நான் மனு டைப் அடிப்பேன். பட்டா மாறவில்லை, பாதையை அடைத்துவிட்டார்கள், முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது என்று ஜனங்கள் சொல்லச் சொல்ல நான் அடித்துத் தருவேன். அழுதுகொண்டு சொல்வார்கள், கத்திக்கொண்டும் சொல்வார்கள். தாளில் வரும்போது எல்லாம் ஒரே குரலாகிவிடும். "நீ ஊட்டு விஷயத்தயும் மனு மாதிரிதான் பேசற" என்று கணவர் சொல்வார். இருக்கலாம்.

எலெக்ட்ரீஷியன் ஒருவரை வரச் சொன்னோம். முப்பது வயசு இருக்கும். நறுவிசான ஆள், செருப்பை வெளியே ஜோடியாக விட்டு வந்தார். மேலே பார்த்தார். "ஈஸி மேடம். சுவர்ல இருந்து கேசிங் ஓட்டிடலாம். மதியத்துக்குள்ள லைட்டு எரியும்" என்றார். கேசிங் என்பது வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. அதற்குள் வயரை மறைத்துச் சுவரின் மேலேயே ஒட்டவைத்துக்கொண்டு போவார்கள். எங்கள் கடையில் எல்லாமே அப்படித்தான் ஓடுகிறது.

எனக்குச் சம்மதம். கணவர்தான், "வேணாம், மேல ஒரு ஃபேன் பாக்ஸ் இருக்குது" என்றார்.

ஃபேன் பாக்ஸ் என்றால் காங்கிரீட் போடும் முன்பே தளத்துக்குள் புதைத்துவைக்கும் இரும்புப் பெட்டி. அதில் கொக்கி இருக்கும். வயர் வருவதற்குக் குழாயும் வந்து சேரும். எங்கள் ஹாலில் ஒரு ஃபேனுக்கான பெட்டி வெளியே தெரிந்தது. இன்னொன்று, பின்னால் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று வைத்தது, பூச்சு வேலையின்போது மூடிப்போய்விட்டது என்றார் கணவர்.

"எங்க இருக்குதுன்னு தெரியுமா சார்?"

"நடுவுலதான். இங்கதான் எங்கியோ."

எலெக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மாறுகிறது என்று சொல்லிக் கொத்தினார். சாப்பாட்டு மேசைமேல் சுண்ணாம்புத் தூள் கொட்டியது. உள்ளே கம்பிதான் இருந்தது. தளத்தில் ஒரு குழி விழுந்ததுதான் மிச்சம். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "இப்படிக் கொத்திக்கினே போனா தளம் வீணாயிடும் சார். வச்சவர் இருந்தா ஒரு வார்த்த கேளுங்களேன்."

"இல்ல" என்றார் கணவர்.

எலெக்ட்ரீஷியன் ஒரு நொடி நின்றார். "ஓ. சாரி சார்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் என்ன புரிந்துகொண்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. கணவர் திருத்தவில்லை. நான் துடைப்பம் எடுக்கப் போனேன்.

பெட்டியை வைத்தது கணவரின் அண்ணன். அவர் உயிரோடு இருக்கிறார். இதே ஊரில், கிரிவலப் பாதையில் இருக்கிறார்.

அவர் எலெக்ட்ரீஷியன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு வயரிங் முழுக்க அவர் கைவேலை. காங்கிரீட் போடும் முந்தின நாள் சென்ட்ரிங் பலகைமேல் வெயிலில் குந்திக்கொண்டு குழாய்களைக் கம்பியோடு கட்டியது எனக்கு நினைவிருக்கிறது. நானும் கணவரும் கீழேயிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தோம். வீடு முடிந்ததும் மாடி அறையில் எங்களோடு இருந்தார். அண்ணன் தம்பி இருவரும் ஒரே வண்டியில் வேலைக்குக் கிளம்புவார்கள். அவர் தம்பியைக் கடையில் இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போவார். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுவார். அதில் விசேஷம் ஒன்றுமில்லை, இந்த ஊரில் பாதிப் பேர் சுற்றுகிறார்கள். மற்றவர்கள் சுற்றிவிட்டு விடியலில் வீட்டுக்கு வருவார்கள். இவர் மத்தியானம் வந்தார். அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் ஒரு நாள் கழித்து வந்தார். ஒரு காலையில் வேட்டியைக் காவியில் முக்கிக் கட்டிக்கொண்டு வந்து, நான் வைத்த இட்லியைச் சாப்பிட்டார். "நான் இனிமே அங்கியே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சண்டை இல்லை. யாரும் கடுமையாக ஒரு சொல் கூடப் பேசவில்லை.

ஒரு வாரத்தில் வந்துவிடுவார் என்று கணவர் நினைத்தார். வரவில்லை. காசிக்கோ ரிஷிகேசத்துக்கோ போயிருந்தால் போய்விட்டார் என்று மனசு தேறியிருக்கும். இவர் போனது ஒரு ஷேர் ஆட்டோ தூரம். கடைக்கு வருகிறவர்கள், "உங்க அண்ணன நேத்து அன்னதான வரிசையில பாத்தேன்" என்பார்கள். கணவர் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தபடி, "ம்" என்பார். மலை சுற்றுவதைக் கணவர் நிறுத்திவிட்டார். அண்ணன் இருக்கும் செங்கம் ரோட்டுப் பக்கம் வேலை இருந்தால் என்னை அனுப்புவார். அப்படியே சில வருஷம் ஓடிவிட்டது.

அந்த "இல்ல"வைக் கேட்ட பிறகு நான் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதில் பெரிய உணர்ச்சி ஒன்றும் இல்லை. உயிரோடு இருக்கிற மனிதரைச் செத்தவராக ஒருவர் நினைத்துக்கொண்டு போனது சரியில்லை என்று பட்டது. விளக்கும் மாட்டவேண்டியிருந்தது.

மறுநாள் மத்தியானம் கடையில் கூட்டம் கம்மி. டவுனுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினேன். பாதையோரம் சாதுக்கள் மரத்தடியில் படுத்திருந்தார்கள். சிலர் துவைத்த துணியைக் கம்பி வேலியில் விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வெளிநாட்டுப் பெண் வெறுங்காலோடு வேகமாகப் போனாள். சுக்குக் காப்பி விற்கிற அம்மாவிடம், "எலெக்ட்ரிக் வேல செஞ்சவரு ஒருத்தரு சாமியாரா இருக்காரே, உயரமா..." என்று ஆரம்பித்தேன்.

"கரண்டு சாமியா? அதோ, நிருதி லிங்கத்துக்கு அந்தாண்ட இருப்பாரு பாரு."

அவர் ஒரு திட்டில் உட்கார்ந்து தூக்குப்பாத்திரத்தை மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தாடி வெளுத்திருந்தது. மெலிந்திருந்தார், ஆனால் சீக்காளி மாதிரி இல்லை. எல்லாரும் சாமி என்கிற ஆளை நான் எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு கணம் தயங்கினேன்.

"மாமா" என்றேன்.

நிமிர்ந்தார். அதிர்ச்சி எதுவும் இல்லை. "வா ம்மா. ஊட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா? பாப்பா இன்னா படிக்குது?" என்றார். மகள் காலேஜில் சேர்ந்து வெளியூர் விடுதியில் இருப்பதைச் சொன்னேன். "அவ்ளோ பெரிசாயிட்டாளா" என்று சொல்லிவிட்டுத் திட்டில் எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து வீடு, இருட்டு, விளக்கு, கொத்திப் பார்த்தது எல்லாம். அவர் கவனமாகக் கேட்டார். கேட்கும்போது விரல் தானாக மண்ணில் ஒரு கட்டம் போட்டது. அதில் ஒரு கோடு இழுத்தது, அழித்தது.

"ஹால்ல ரெண்டு வச்சனா, மூணா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு தலையை ஆட்டினார். "ஞாபகம் இல்ல ம்மா. அந்த வருஷம் எத்தினி ஊடு. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆட்டோவில் வரும்போதே, சுவரிலிருந்து இத்தனை அடி என்று அவர் சொல்லிவிடுவார், நான் போய் அதை அப்படியே சொல்வேன் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அவன் கேட்டுக்கினு வரச் சொன்னானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்ல மாமா, நானாதான் வந்தேன். அவருக்குத் தெரியாது" என்றேன்.

"ம்." பாத்திரத்தைத் தண்ணீர் விட்டு அலசினார். "எடத்தப் பாத்தா கண்டுபுடிச்சிடலாம். பாக்காம சொல்ல முடியாது."

"அப்ப வந்து பாருங்க."

அவர் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். ஒரு குரங்கு வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. அதன் பிறகுதான், "பாக்கலாம் ம்மா" என்றார். அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு வராது. எழுந்தேன். சுக்குக் காப்பிக்காரம்மாவிடம் எனக்கு ஒரு காப்பி கொடுக்கச் சொல்லிக் கை காட்டினார். குடித்துவிட்டு வந்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"உன்ன யாரு போகச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"இன்னா சொன்னாரு?"

"ஞாபகம் இல்லயாம். பாத்தா தெரியுமாம். வரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல."

கணவர் மோர் ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வரும்போது அவர் சாப்பாட்டு மேசையைத் தனியாக இழுத்துச் சுவரோரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். நாற்காலிகளை அடுக்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தார். டிவியைப் பழைய புடவையால் மூடினார். தரையில் பேப்பர் விரித்து, பறக்காமல் ஓரங்களில் கல் வைத்தார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்கள் பெயிண்ட் அடிக்க வாங்கியிருந்த உயரமான ஏணியைக் கேட்டு வாங்கி வந்தார். பரண்மேல் ஏறி அண்ணனின் கருவிப் பையை இறக்கினார். பை முழுக்க ஒட்டடை. துடைத்து, ஏணிக்குப் பக்கத்தில் வைத்தார். விளக்கு இருந்த அட்டைப்பெட்டியைக் கூடப் பீரோ மேலிருந்து எடுத்துவைத்தார்.

"கடைக்குப் போகலயா?" என்றேன்.

"நீ போய்த் தொற. வரேன்."

மத்தியானம் வரை வரவில்லை. வந்தபோது முகத்தில் எதுவும் தெரியவில்லை. அண்ணன் அன்று வரவில்லை என்று நானே புரிந்துகொண்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். நாங்கள் தரையில் பேப்பர் விரிக்காத மூலையாகப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டோம். நடக்கும்போது ஏணியைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். "இதெல்லாம் எடுத்து வச்சிடலாமா?" என்று ஒரு தடவை கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். பக்கத்து வீட்டம்மா ஏணியைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று நான் யோசித்துவைத்திருந்தேன்.

திங்கட்கிழமை வந்தது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு நாள். விடியும் முன்பே கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். அன்றைக்கு நாங்கள் இருவரும் கடையில் இருந்தே ஆகவேண்டும். செய்யாற்றுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு நான் வாய்க்கால் ஆக்கிரமிப்பு மனு அடித்துக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்து வீட்டம்மா போன் செய்தார்.

"அக்கா, ஒரு சாமியார் வந்து உங்க கேட் கிட்டயே ரொம்ப நேரம் நின்னுக்கினு இருந்தாரு. சாப்பாடு குடுக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டாரு. இப்பதான் போறாரு. யாராவது தெரிஞ்சவங்களா?"

போனைக் கையில் வைத்துக்கொண்டே கணவரிடம் சொன்னேன். மெஷின் ஒரு தாளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வரிசையில் நின்றவர்கள், "என் ஆதார் கார்டு உள்ள இருக்குதே" என்று சத்தம் போட்டார்கள். நான் எழுந்து மெஷினைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

கூட்டம் கலைந்து நான் வீட்டுக்குப் போகப் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. வாசலில் வண்டி நின்றது. கணவரின் அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், துணிப்பை மடியில். கணவர் உள்ளே, பேப்பர் விரித்த தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவில் கதவு திறந்திருந்தது.

"உள்ள வரமாட்டன்றாரு" என்றார் கணவர், என்னிடம் புகார் மாதிரி.

"நீதானம்மா கூப்பிட்ட. நீ வராம எப்பிடி உள்ள வரது?" என்றார் அண்ணன்.

"வாங்க மாமா" என்றேன். அவர் வாளித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

முதலில் அவர் பார்த்தது தளத்தில் இருந்த குழியை. முகம் சுளித்தது. "யாருடா இது, இப்பிடிக் கொத்தி வச்சிருக்கறது?" சாமி போய், பழைய எலெக்ட்ரீஷியன் அந்தக் குரலில் இருந்தார். கணவர், "நடுவுலன்னு சொன்னேன், கொத்திட்டான்" என்றார். "நடுவுலன்னு உனக்கு யாரு சொன்னது?" என்று அண்ணன் ஒரு அதட்டு அதட்டினார். கணவர் எழுந்து நின்றுவிட்டார்.

அண்ணன் மெயினை ஆஃப் செய்யச் சொன்னார். நான் போய் இறக்கினேன். டியூப்லைட்டும் ஃபேனும் நின்றதும் ஹால் நிஜமாகவே இருட்டாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே அந்தச் செங்கல் சுவர். அவர் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். "ஆமா, கட்டித்தான் வச்சிருக்கான்" என்றார். செல்போன் டார்ச்சை நான் பிடித்துக்கொண்டேன். ஸ்விட்ச் போர்டைக் கழற்றி உள்ளே பார்த்தார். வயர் இல்லாமல் சும்மா ஒரு குழாய் மேலே போயிருந்தது. "இதான்" என்றார்.

கருவிப் பையிலிருந்து ஸ்பிரிங்கை எடுக்கச் சொன்னார். ஸ்பிரிங் என்பது குழாய்க்குள் விட்டு வயரை இழுக்கிற நீண்ட கம்பி. எந்த வளைவிலும் வளைந்து போகும். கணவர் அதைச் சுருளாக எடுத்து, துரு படிந்த இடத்தைத் துணியால் துடைத்தார். அண்ணன் ஏணியில் ஏறினார். ஏணியை நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"உட்றா உள்ள. மெதுவா."

கணவர் போர்டிலிருந்து கம்பியைத் தள்ளினார். அது சுவருக்குள் சரசரவென்று ஏறும் சத்தம் கேட்டது. ஓரிடத்தில் நின்றது. "வளைவு. சுத்தி உடு" என்றார் அண்ணன். மறுபடி ஏறியது. அவர் தளத்தோடு காதை வைத்து, ஏணியிலேயே சாய்ந்தபடி கேட்டார். "தள்ளு. இன்னும். நிறுத்து. இப்ப முன்ன பின்ன ஆட்டு." கணவர் ஆட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "இங்க இல்ல" என்று இறங்கி, ஏணியை நகர்த்தச் சொல்லி மறுபடி ஏறினார். அப்படிப் பல தடவை. கணவரின் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஒருவர் முகம் சுவரில், இன்னொருவர் முகம் தளத்தில். ஆனால் பேச்சு தடையில்லாமல் ஓடியது.

"கேக்குதா?"

"ஆட்டு... இன்னும் ஒரு வாட்டி... வேகமா."

"கேக்குதா?"

"கேக்குது. டக்கு டக்குன்னு கேக்குது. அங்கியே இரு."

அந்த முறை எனக்கும் கேட்டது. தளத்துக்குள் யாரோ நகத்தால் இரும்பைத் தட்டுவது போல. அண்ணன் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். உளியும் சுத்தியும் கேட்டு வாங்கி, தானே கொத்தினார். மேல்பூச்சு தட்டையாக ஒரு சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே பெட்டி இருந்தது. காங்கிரீட் உள்ளே போகாமலிருக்க அடைத்துவைத்த சிமெண்ட் மூட்டைக் காகிதம் அப்படியே இருந்தது. அதை விரலால் நோண்டி இழுத்துப் போட்டார். ஸ்பிரிங்கின் நுனி வெளியே வந்து ஆடியது. கொக்கி கொஞ்சம் துருப்பிடித்திருந்தது, ஆனால் உறுதியாக இருந்தது. ஒரு கையால் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்.

பெட்டி நடுவில் இல்லை. சமையலறைப் பக்கம் நன்றாகத் தள்ளியிருந்தது. "அப்ப இங்க ஒரு தடுப்பு வரப்போவுதுன்னு சொன்னீங்க இல்ல, பூஜைக்கு. அத வச்சிப் போட்டிருப்பேன்" என்றார் அண்ணன். அந்தத் தடுப்பை நாங்கள் கட்டவே இல்லை. கட்ட நினைத்தோம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஸ்பிரிங்கில், விளக்கோடு வாங்கியிருந்த புது வயரைக் கட்டி, கணவர் கொடுக்க அண்ணன் இழுத்தார். இரண்டு முனையையும் டேப் சுற்றிவைத்தார். "லைட்ட அந்தப் பையனே வந்து மாட்டட்டும். அவன் வேலய நான் எதுக்குக் கெடுக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நான் மெயினைப் போட்டு, உலை வைத்து, சாதம் வடித்தேன். ரசமும் அப்பளமும்தான் முடிந்தது. அவர் கை கழுவிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். தலைமயிரில் சிமெண்ட் தூள் ஒட்டியிருந்தது. கணவர் எதிரே உட்கார்ந்திருந்தார், சாப்பிடவில்லை.

"ராத்திரி தங்கேன்" என்றார் கணவர்.

"இல்லடா."

"மாடி ரூம் அப்பிடியேதான் இருக்குது."

"தெரியும். வேணாம்."

நான் ரசம் ஊற்றினேன். கணவர் தரையில் இருந்த சுண்ணாம்புச் சில்லு ஒன்றை எடுத்து உடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "நான் எதனா தப்பு பண்ணிட்டனா? இவ எதனா சொன்னாளா?"

"சேச்சே. யாரும் ஒண்ணும் சொல்லல."

"அப்ப ஏன் போன?"

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். பெரிய விளக்கம் வரப்போகிறது என்று நானும் கரண்டியோடு நின்றேன். "தெரிலடா" என்றார் கடைசியில். "அங்க உக்காந்தா எழுந்துக்கத் தோணல. அவ்ளோதான். சண்ட கிண்ட இருந்திருந்தா, அது தீரட்டும்னு இங்கியே கெடந்திருப்பேன்."

கணவருக்கு அது போதவில்லை என்று தெரிந்தது. கணவர் எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்துத் தூளைக் கூட்டத் தொடங்கினார். சாப்பிடுகிற மனிதர் பக்கத்தில் கூட்டாதீர்கள் என்று நான் சொல்லவேண்டியிருந்தது.

கருவிப் பையை எடுத்துப்போகச் சொன்னேன். அண்ணன் அதைத் திறந்து பார்த்து, சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை மட்டும் எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். கணவர் அவரை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

அந்த வாரமே எலெக்ட்ரீஷியன் வந்து விளக்கை மாட்டிவிட்டுப் போனார். பழைய குழியையும் பூசித் தந்தார். விளக்குக்குக் கீழே வரும்படி மேசையைச் சமையலறைப் பக்கம் தள்ளிப் போட்டோம். இப்போது பாத்திரம் எடுத்துவைக்க எனக்குச் சுலபம். ஹாலின் மற்ற பாதி வெறுமையாகக் கிடக்கிறது. மகள் லீவுக்கு வந்தபோது, "என்னம்மா, எல்லாத்தையும் ஒரு ஓரமா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். "லைட்டு அங்கதான் இருக்குது" என்றேன்.

அண்ணன் அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. நாங்களும் வரச் சொல்லவில்லை. தீபத் திருவிழா முடிந்து கூட்டம் இறங்கியபின் ஒரு சாயங்காலம் கணவர் கடையை என்னிடம் விட்டுவிட்டு எங்கோ போனார். இருட்டிய பிறகு வந்தார். செருப்பில் மண் இருந்தது.

"அண்ணனப் பாத்துட்டு வந்தேன்" என்றார்.

"இன்னா பேசினீங்க?"

"ஒண்ணும் பேசல. காப்பி குடிச்சோம்."

தட்டை வைத்தேன். மேசையில் அவர் பக்கம் எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது. விளக்கு வந்தபின் அது நன்றாகத் தெரிகிறது. ஈரத்துணி எடுத்துத் துடைத்துவிட்டு, சோறு போட்டேன்.